குச்சனூர் முகாமில் நான் எழுதிய ‘நார்மல்’

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பிரியா போன் செய்தாள். நான் வேலையில் இருந்த கடைசி வருஷத்தில் வந்து சேர்ந்த பிள்ளை. புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். அதில் தாடையை வைத்து உட்கார்ந்தால் போதும், கண்ணைப் படம் பிடித்து என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"இருந்தாலும் சார், நீங்க மெஷினே இல்லாம ஒரு நாளைக்கு முந்நூறு பேரப் பாத்தீகன்னு இங்கன எல்லாரும் சொல்றாக. அது எப்படின்னு ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றாள்.

பக்கத்தில் என் மனைவி கனகமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும் ஆரம்பித்தாள்: "எழுதுங்க, நல்லா எழுதுங்க. முந்நூறு பேரப் பாத்த மனுசன் நேத்து மார்க்கெட்ல சொந்த மச்சினனப் பாத்து, சாருக்கு எந்த ஊருன்னு கேட்டாருன்னு அதையும் சேத்து எழுதுங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. தேனியில் ஒரு மிஷன் கண் ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் கண் மருத்துவ உதவியாளராக இருந்தேன். கண்ணையே பார்த்துப் பார்த்து, அதைச் சுற்றி ஒரு முகம் இருக்கிறது என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. ஒரு கல்யாணத்தில் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். யாரென்று பிடிபடவே இல்லை. அசட்டுச் சிரிப்போடு நின்றேன். அவர் மெல்லக் கண்ணைச் சிமிட்டினார். உடனே, "அடடே, இடது கண் சதை வளர்ச்சி! எப்படி இருக்கீங்க?" என்று மேடைக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரும் திரும்பி அவர் கண்ணைப் பார்த்தார்கள். தேனி வந்து சேரும்வரை கனகமணி என்னோடு பேசவில்லை.

பிரியா கேட்டது வேகத்தைப் பற்றி. சரி, அதையே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு இரண்டு வருஷம். முதல் வருஷம் லென்ஸ் பெட்டியைச் சுமந்தேன். இரண்டாம் வருஷம் அதைத் திறக்க விட்டார்கள். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவசரம்தான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பெரும்பாலான ஞாயிறுகளில் முகாம். போனவுடன் பள்ளிக்கூட வராந்தாவில் எழுத்து அட்டையை ஆணியில் மாட்டுவேன். இருபது அடிக்கு ஒரு கயிறு வைத்திருந்தேன். அதை இழுத்துப் பிடித்து, முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின்மேல் ஸ்டூல். வருகிற ஆள் உட்காருவதற்கு முன்பே என் கை அவருடைய ஒரு கண்ணை மூடியிருக்கும். "வாசிங்க." எழுத்துத் தெரியாதவர்களுக்கு வேறு அட்டை. அதில் மூன்று கால் வைத்த குறி ஒன்று நாலாபக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும், கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். வலது, இடது, டார்ச் அடித்துக் கண் பாப்பாவை ஒரு பார்வை, கார்டில் ஒரு கிறுக்கல், "அடுத்து!" ஆபரேஷனுக்குத் தேறியவர்களுக்கு, எந்தக் கண்ணோ அதற்கு மேலே நெற்றியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். எக்ஸ்பிரஸ் சாமுவேல் என்று எனக்குப் பெயர். வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் அது பரவட்டும் என்று பாடுபட்டவன் நானே.

என் வேகத்துக்கு ஒரே முட்டுக்கட்டை டாக்டர் பியூலா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நாசரேத் பக்கத்துக்காரர். நான் முந்நூறு பேரைத் தள்ளிவிட்டு வடை தின்றுகொண்டிருக்கும்போது அவர் நாற்பதாவது ஆளிடம், "பஸ்லயா வந்தீங்க? படியில ஏறும்போது தடுக்குச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். நோயாளி அறைக்குள் வரும்போது கார்டைப் பார்க்கமாட்டார், நடையைப் பார்ப்பார். முகத்தைத் தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். டார்ச்சை எடுத்தால் உடனே அடிக்கமாட்டார். அதைக் கையில் அணைத்தபடி வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற ஆளை ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் முக்கால் ஆளை முடித்திருப்பேன்! டிரைவரிடம் அவரை "ஆமை டாக்டர்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் விடாமல் செய்கிற ஒரு சோதனை உண்டு. நான் விடாமல் தவிர்க்கிற சோதனையும் அதுதான். எழுத்து அட்டை நேர்ப்பார்வையைத்தான் சொல்லும், பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு நோயாளிக்கு எதிரே, அதே உயரத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். அவர் ஒரு கண்ணை மூடினால், நாம் அதற்கு நேர் எதிரே இருக்கிற நம் கண்ணை மூட வேண்டும். அவர் நம் கண்ணையே பார்க்க வேண்டும், நாம் அவர் கண்ணையே பார்க்க வேண்டும். பிறகு நம் விரலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து, தெரியும்போது சொல்லச் சொல்ல வேண்டும். இதில் கருவி கிடையாது. நம் பார்வைதான் அளவு. நமக்கு விரல் தெரிகிற நேரத்தில் அவருக்கும் தெரிய வேண்டும். ஒரு கண்ணுக்கு நாலு திசை, இரண்டு கண்ணுக்கு எட்டு. அவ்வளவு நேரம் முன்பின் தெரியாத ஒரு ஆளின் கண்ணை யார் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு வெட்கமாகவும் இருக்கும், நேரமும் போகும்.

இனி குச்சனூர். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். முகாமில் கேட்டைத் திறப்பதற்கு முன் ஊழியர்கள் எல்லோரும் வட்டமாக நின்று ஜெபம் செய்வோம், ஒருவர் பைபிளிலிருந்து ஐந்து நிமிஷம் தியானம் சொல்வார். அன்றைக்கு என் முறை. பெத்சாயிதா ஊர்க் குருடனை எடுத்துக்கொண்டேன். இயேசு அவனைக் கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய்த் தொடுகிறார், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர்கள் நடமாடுகிற மரம் மாதிரி தெரிகிறார்கள் என்கிறான் அவன். இரண்டாவது தடவை தொட்ட பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. நான் விட்டேனா பாருங்கள்: "நாமும் வரிசையில நிக்கிறவங்களை மரமாப் பாக்கக்கூடாது, ஒவ்வொருத்தரும் ஆண்டவருடைய சாயல்" என்று குரலைத் தழுதழுக்க வைத்து இறக்கினேன். ஒரு நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆமென் சொன்ன வாயோடு கேட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், வரிசையில நில்லு! என்ன ஆடு மாடு மாதிரி முட்டுறீக!" என்று கத்தினேன். மரத்திலிருந்து ஆட்டுக்கு முன்னேற்றியதோடு சரி.

பதினோரு மணி வாக்கில் ஈஸ்வரி வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கூட அவள் மாமியார் காளியம்மாள். சனீஸ்வரர் கோயில் தெருவில் எள் விளக்கும் கருப்புத் துணியும் விற்கிற கடை அவர்களுடையது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரு ஜோடிக் கண், அதுவும் பளிச்சென்ற கண்.

"என்ன செய்யுது?"

"பக்கத்துல வர்றவகளத் தெரிய மாட்டேங்குது சார். வெளக்கு வைக்கிற நேரம் ஆச்சுன்னா சுத்தமா ஒண்ணும் தெரியல."

"தெரியாதாம்ல!" என்று மாமியார் பின்னாலிருந்து நீட்டினார். "இவளுக்குத் திமிரு சார். கடைக்கு வந்த ஆளு பக்கத்துல நின்னு கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டா. ரோட்டுல சொந்தக்காரகளப் பாத்தும் பாக்காத மாதிரி போறா. வெளக்குத் தட்டத் தட்டி விடுறா. கேட்டா கண்ணு தெரியலங்கிறா."

வலது கண்ணில் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். இடது கண்ணிலும் அப்படியே. டார்ச் அடித்தேன், பாப்பா ஒழுங்காகச் சுருங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, உனக்கு என்னைவிட நல்லாத் தெரியுதே! சிக்ஸ் பை சிக்ஸ். ஒரு குறையும் இல்ல" என்றேன்.

"நேரா தெரியுது சார். ஓரத்துலதான்..."

"அடுத்து!"

கார்டில் "நார்மல்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டு மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தாலிச் சரடு மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஈஸ்வரி எழுந்து திரும்பினாள். பக்கத்துப் பெஞ்சில் திறந்து வைத்திருந்த லென்ஸ் பெட்டியில் நேராகப் போய் இடித்தாள். இருநூறு சொச்சம் லென்ஸும் வராந்தா முழுக்க உருண்டன.

"ஏம்மா, கண்ணு தெரியல உனக்கு?" என்று கத்தினேன்.

"அதத்தான் சார் இம்புட்டு நேரமாச் சொல்றேன்" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண் முகாமில் உட்கார்ந்துகொண்டு, கண் தெரியவில்லை என்று சொல்லி வந்தவளைப் பார்த்து, கண்முன்னே பெட்டியைத் தட்டிவிட்டவளைப் பார்த்து, கண் தெரியவில்லையா என்று கேட்ட உதவியாளன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. லென்ஸைப் பொறுக்குவதில் எத்தனை நிமிஷம் வீணாய்ப் போனது என்பதுதான் என் கவலை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, அவள் புருஷன் சுருளிவேல் அந்தக் கார்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதிகம் பேசாத ஆள். கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"இது நீங்க எழுதுனதுதான சார்? இதையே நல்லா வெவரமா, சீல் வச்சு ஒரு சர்ட்டிபிகேட்டா எழுதித் தருவீகளா?"

"எதுக்குப்பா?"

"பெரியவக உக்காந்து பேசுறாக, வர்ற ஞாயித்துக்கிழம. அவளை அவுக அப்பா வீட்டுக்கு அனுப்புறதுன்னு பேச்சு. போன வாரம் சோறு வடிக்கும்போது கஞ்சியப் பிள்ள மேல ஊத்திட்டா சார். ரெண்டு வயசுப் பொம்பளப் பிள்ள. தொட வெந்துபோச்சு. பிள்ள பக்கத்துல வந்தது தெரியலங்கிறா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு கார்டு சொல்லுது. பெறகென்ன? பிள்ளைய எங்ககிட்ட வச்சுக்கிட்டு அவள மட்டும் அனுப்பணும்ங்கிறா எங்காத்தா. இப்பவே பிள்ளயத் தூக்க விடுறதில்ல."

எந்தப் பெண் என்று எனக்கு ஞாபகமே இல்லை. கையெழுத்து என்னுடையது, அடியில் கோடு வேறு. என் கார்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போகப்போகிறது என்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது, சொல்லிவிடுகிறேன். நல்ல தாளாக எடுத்து விறுவிறுவென்று எழுதி, கையெழுத்துக்கு டாக்டர் பியூலாவிடம் கொண்டுபோனேன்.

அவர் வாசித்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"சிக்ஸ் பை சிக்ஸ் மேடம். ரெண்டு கண்ணும்."

"அது கண்ணு. நான் பொண்ணக் கேட்டேன்."

டாக்டர் தாளை மேஜைமேல் வைத்தார்.

"வரும்போது எப்படி நடந்து வந்துச்சு? போகும்போது எப்படிப் போச்சு?"

அப்போதுதான் லென்ஸ் பெட்டி ஞாபகம் வந்தது. பெட்டி உருண்டதும், அவள் சொன்ன பதிலும், வரிசை சிரித்ததும், எல்லாம் ஒன்றாக வந்தது. சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன். "நாளைக்குப் போய் அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க சாமுவேல்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் குச்சனூரில் இறங்கினேன். வியாழக்கிழமை ஆனதால் கோயில் தெருவில் கூட்டம் இல்லை. ஒரு கடையில் ஒரு பெண் மண் விளக்குகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "ஏம்மா, ஈஸ்வரி வீடு எது?" என்றேன். பதில் இல்லை. திமிர்தான் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கேட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிற மாதிரி முகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி என்னைக் கண்டுபிடித்தாள்.

"நான்தான் சார் ஈஸ்வரி. நீங்க கண்ணு முகாம் சாருதான?"

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"அன்னைக்குக் கத்துனீகள்ல. அந்தக் கொரலு."

புருஷனும் கூட வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பியூலா வாசல்வரை வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊர், சாப்பாடு, பிள்ளையின் கால் என்று விசாரித்தார். அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். "ஆமா டாக்டர், எங்கம்மா, அப்பாவுக்கு அக்கா மக" என்றாள். பிறகு டாக்டர் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து அதை எனக்குக் காட்டினார்.

"நீங்களே பாருங்க சாமுவேல்."

உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள், நான் என் வலது கண்ணை மூடினேன். "என் கண்ணையே பாரும்மா. விரல் தெரிஞ்சதும் சொல்லு." ஓரத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். இன்னும் சொல்லவில்லை. காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, விரல் கிட்டத்தட்ட என் மூக்குக்கு வந்தபோதுதான், "இந்தா, இப்பத் தெரியுது" என்றாள். மேலே, கீழே, அந்தப் பக்கம், எல்லாத் திசையிலும் அதே கதை. அடுத்த கண்ணிலும் அதே. நடுவில் ஒரு குழாய் அளவுதான் அவளுக்கு உலகம். அந்தக் குழாய்க்குள் என் எழுத்து அட்டை அழகாக அடங்கிவிட்டது.

அவ்வளவு நேரம் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முகமும் தெரிந்தது. புருவத்தில் எங்கோ இடித்து ஆறிய தழும்பு, நெற்றியில் இன்னொன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி, இந்தத் தடவையாவது இவன் நம்பவேண்டுமே என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் முன்பும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அன்றைக்கு நான் சரியாக எழுதியிருந்தால், அடுப்படியில் அவளைத் தனியாக விட்டிருக்கமாட்டார்கள், அந்தப் பிள்ளையின் காலில் கஞ்சி பட்டிருக்காது. இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் இதுதான் உண்மை.

சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு டாக்டர் உள்ளே பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். விழித்திரையின் ஓரமெல்லாம் கரியைச் சிந்தியது மாதிரி கருப்புத் திட்டுகள். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய். சொந்தத்துக்குள்ளேயே கட்டிய குடும்பங்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான். மருந்து கிடையாது. டாக்டர் அதை மறைக்காமல் சொன்னார்.

"எம்புட்டு நாளைக்கு டாக்டர் தெரியும்?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. சிலருக்கு இந்த நடுப்பார்வை ரொம்ப வருஷம் நிக்கும். வருஷம் தவறாம வா, பாத்துக்கிட்டே இருப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். சுருளிவேல் சுவரோரமாக நின்றவன், "அப்ப இவ பொய் சொல்லலியா?" என்றான். நோயைக் கேட்டபோது அழாதவள் அதைக் கேட்டதும் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் கடிதம் எழுதி சீல் வைத்தார். அதைச் சுருளிவேலிடம் கொடுத்து அனுப்பிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு சர்ச் ஆராதனையில் வேதவாசிப்பு இருக்கிறது என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "லெட்டர் என்னோடது. அவங்க கையில இருக்கிற கார்டு உங்களோடது. நீங்கதான் போகணும்" என்றார். வேதவாசிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் நடைபழகினேன். அப்போதுதான் நான் சொன்ன பெத்சாயிதா தியானம் வேறு விதமாகப் புரிந்தது. இரண்டாம் தடவை தொட்டதைத்தான் நான் பெரிதாகப் பேசியிருந்தேன். நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டதையும், பதில் வரும்வரை நின்றதையும் கவனிக்கவே இல்லை. அந்தக் குருடன் என் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆளுக மரம் மாதிரி நடக்குறாக சார்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? "நடக்கிறது தெரியுதுல்ல? நார்மல். அடுத்து!" என்றிருப்பேன். அவனும் காலம் முழுக்க மரங்களோடு குடும்பம் நடத்தியிருப்பான். முப்பது வருஷத்தில் நான் "வாசிங்க" என்று சொல்லியிருக்கிறேனே தவிர, "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. கனகமணியிடம் இதைச் சொன்னேன். "இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே. இதையும் பிரசங்கமாக்கிப்புடாதீக" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஈஸ்வரியும் அவள் அப்பாவும் வாசல் நிலைப்பக்கம். பிள்ளை உள்ளே காளியம்மாள் மடியில், தொடையில் கட்டோடு. அவர்கள் வகையறாவில் மூத்தவர், எல்லோரும் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், இரண்டு தாளையும் கையில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே ஆஸ்பத்திரி. ஒண்ணு கண்ணு நல்லாருக்குங்குது, ஒண்ணு கெட்டுப்போச்சுங்குது. எதய்யா நெசம்?"

எழுந்து நின்றேன். சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரல் வரவில்லை. "டாக்டர் எழுதினதுதான் நிஜம். மொதக் கார்டு தப்பு. நான் எழுதினது. இந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல நான் காதுல வாங்கல" என்றேன்.

பிறகு பெரியப்பா கேட்டார்: "அப்படின்னா சார், அன்னைக்கு எங்க ஊர்ல முந்நூறு பேரு கண்ணப் பாத்தீகளே, அதெல்லாம்?"

அந்த ஒரு கேள்வியில் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. "மறுபடியும் வந்து பாக்குறேன்யா. எல்லாரையும்" என்றேன். போனேன். ஐந்து ஞாயிறு, கையில் பழைய பதிவேடு, வீடு வீடாக ஸ்டூல். ஒரு நாளைக்கு அறுபது பேரைத் தாண்டவில்லை. "என்னா சார், போன தடவ பாஸாகலையா?" என்று ஊரே கேலி செய்தது. ஒரு பெரியவருக்குக் கண் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போக ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, அவருக்கு மருந்து இருந்தது. அந்த மாத முகாம் கணக்கில் எங்கள் குழுதான் கடைசி. பிரியா, நீ கேட்ட வேகம் அங்கே தீர்ந்துபோனது.

ஆனால் அந்தக் கூட்டம் அதோடு முடியவில்லை. காளியம்மாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "என்னத்தச் சொல்றீக? ஊசியில நூல் கோக்குறா, அரிசியில கல்லுப் பொறுக்குறா. அவளுக்கா கண்ணு தெரியல?" என்றார். நியாயமான கேள்வி. படித்த நானே அதில்தானே விழுந்தேன்.

பெரியப்பா கையிலிருந்த என் பழைய கார்டை வாங்கி இரண்டாகக் கிழித்து, இரண்டையும் சின்னக் குழாயாகச் சுருட்டினேன். "அம்மா, இத ரெண்டு கண்ணுலயும் வச்சுக்கிட்டு அடுப்படி வரைக்கும் ஒரு நட போயிட்டு வாங்க" என்றேன்.

"எனக்கென்ன பயம்?" என்று பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தார். குழாய்களைக் கண்ணில் வைத்தார். "இந்தா, சொவத்துல காலண்டர் தெரியுது, தேதிகூடத் தெரியுது. அவளுக்கும் இப்படித்தான?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். இரண்டாவது எட்டில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. நாலாவது எட்டில் நாற்காலி. இறக்கிவிட்ட பிள்ளை அப்பத்தாவைத் தேடி ஒரு பக்கமாகத் தத்தித் தத்தி வந்து, அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டது. காளியம்மாள் அதன்மேல் காலைத் தூக்கினார்.

"ஆத்தா! பிள்ள!" என்று சுருளிவேல் அலறினான்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. குழாய்கள் கீழே விழுந்தன. காளியம்மாள் குனிந்து பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் மிதிச்சிருப்பேன்" என்றார். "ஏலே சுருளி, நானும் மிதிச்சிருப்பேன்டா." இரண்டு மூன்று தடவை அதையே சொன்னார். பெரியப்பா டாக்டரின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

பிறகு காளியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போனார். அலறலைக் கேட்டுத் திரும்பிய ஈஸ்வரி, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். காளியம்மாள் அவள் பக்கவாட்டில் போய்ப் பிள்ளையை நீட்டினார். ஈஸ்வரி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். அப்படியே நின்றார். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, வாசல்படியில் இறங்கி, ஈஸ்வரியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றார்.

"இங்கன பாரு ஆத்தா. நேராத்தான் நிக்கிறேன். பிள்ளயப் பிடி" என்றார்.